அமியா குண்டுவெடிப்பு

அமியா குண்டுவெடிப்பு என்பது தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிசில், 1994 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள், அமியா எனப்படும் யூத சமூக நல அமைப்பின் கட்டிடத்தின் மீது நடத்தப்பட்ட வாகன வெடிகுண்டுத் தாக்குதல் ஆகும். இத்தாக்குதலில் 85 பேர் கொல்லப்பட்டனர்; 300 க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அர்ஜென்டினாவின் வரலாற்றில் நிகழ்ந்த மிகக் கொடிய பயங்கரவாதத் தாக்குதலாக இது கருதப்படுகிறது. லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தின் மீதும் ஈரான் அரசின் உயர் அலுவலர்கள் மீதும் அர்ஜென்டினா நீதித்துறை குற்றம் சுமத்தியுள்ளது. ஈரான் இதனை மறுத்து வந்துள்ளது. தாக்குதல் நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை நடத்தியமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கொல்லப்பட்டோரின் குடும்பத்தினர் இக்காலம் முழுவதும் நடத்திவரும் நினைவுகூரல் நிகழ்வுகள் அர்ஜென்டினாவின் பொது வாழ்வில் நிலையான இடம் பெற்றுள்ளன.

அமியா அமைப்பு

அமியா என்பது எசுப்பானிய மொழியில் "அர்ஜென்டினா யூதர் பரஸ்பர உதவிச் சங்கம்" எனப் பொருள்படும் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். 1894 ஆம் ஆண்டில் இது ஓர் ஈமச்சடங்குச் சங்கமாகத் தொடங்கப்பட்டது. யூத சமய மரபில், இறந்தவரின் உடலைக் கழுவி, துணி சுற்றி, முறைப்படி அடக்கம் செய்வதற்கென ஊர்தோறும் இத்தகைய சங்கங்கள் இருப்பது வழக்கம். கைம்மாறு எதிர்பார்க்க இயலாதவருக்குச் செய்யும் உதவி என்பதால் இப்பணி உயர்ந்த அறமாக மதிக்கப்படுகிறது. காலப்போக்கில் அமியா கல்வி, முதியோர் நலன், வேலைவாய்ப்பு, பண்பாடு எனப் பல துறைகளிலும் பணிபுரியத் தொடங்கியது. அடக்கம் செய்வதற்கெனத் தோன்றிய சங்கம், தனது நூற்றாண்டு நிறைவுற்ற அதே ஆண்டில், தன் சொந்த ஊழியர்களையே அடக்கம் செய்ய நேர்ந்தது.

ஒன்சே என மக்கள் அழைக்கும் பகுதியில், பாஸ்தர் தெருவில் 633 ஆம் இலக்கத்தில் இதன் தலைமையகம் இருந்தது. துணிக்கடைகளும் மொத்த வணிகர்களும் நிறைந்த நெருக்கடியான பகுதி இது. இக்கட்டிடம் 1945 இல் திறக்கப்பட்டது. யூத அமைப்புகளின் அரசியல் பிரதிநிதியாக 1935 இல் உருவாக்கப்பட்ட தாயியா என்னும் அமைப்பின் அலுவலகமும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழி நூல்களையும் ஆவணங்களையும் காத்துவந்த இவோ நூலகமும் இதே கட்டிடத்தில் இயங்கின.

அர்ஜென்டினாவில் யூதர்களும் யூத எதிர்ப்பும்

இலத்தீன் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய யூத சமூகம் அர்ஜென்டினாவில் வாழ்கிறது. 1889 ஆம் ஆண்டில் வேசர் என்னும் கப்பலில் உருசியப் பேரரசிலிருந்து வந்திறங்கிய எண்ணூற்றுக்கும் மேற்பட்ட யூதர்களின் வருகையே இங்கு ஒழுங்கமைந்த யூதக் குடியேற்றத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அவர்கள் சாந்த்தா ஃபே மாநிலத்தில் மொயிசேஸ் வில்யே என்னும் வேளாண் குடியிருப்பை நிறுவினர். பரோன் இர்ஷ் என்னும் செல்வந்தர் 1891 இல் தொடங்கிய குடியேற்றச் சங்கம் மேலும் பல குடியிருப்புகளுக்கு நிலம் வாங்கித் தந்தது. புல்வெளியில் குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோக்களின் வாழ்க்கையை யூதர்களும் மேற்கொண்டதை அல்பேர்த்தோ கெர்ச்சுனோஃப் 1910 இல் வெளியிட்ட நூல் பதிவு செய்தது. பின்னர் இவர்களுள் பெரும்பாலோர் நகரங்களுக்கு, குறிப்பாகப் புவெனஸ் ஐரிசுக்குக் குடிபெயர்ந்தனர்.

அர்ஜென்டினா அரசியலமைப்பு உலகத்து மாந்தர் அனைவருக்கும் கதவு திறந்திருந்தாலும், யூத எதிர்ப்பு அந்நாட்டுக்குப் புதியதன்று. 1919 ஆம் ஆண்டு ஜனவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றை ஒடுக்கிய "துயர வாரம்" என்னும் வன்முறையின் போது, ஆயுதம் தாங்கிய தேசியவாதக் குழுக்கள் ஒன்சே பகுதிக்குள் புகுந்து யூதர்களை "உருசியர்கள்" எனவும் புரட்சிக்காரர்கள் எனவும் கூறித் தாக்கின. நாசிகளிடமிருந்து தப்ப முயன்ற யூதர்களுக்கு நுழைவுரிமை தர மறுக்குமாறு தூதரகங்களுக்கு 1938 இல் வெளியுறவு அமைச்சு இரகசியச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியது. "பதினொன்றாம் சுற்றறிக்கை" எனப்படும் இந்த ஆணை 2005 ஆம் ஆண்டில்தான் முறைப்படி நீக்கப்பட்டது. அதற்கு முரணாக, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாசிக் குற்றவாளிகள் பலர் அங்கு அடைக்கலம் பெற்றனர். யூத இனப்படுகொலையின் முதன்மை நிர்வாகிகளுள் ஒருவரான அடோல்ஃப் ஐக்மன் 1950 முதல் பொய்ப் பெயரில் அங்கு வாழ்ந்தார். 1960 ஆம் ஆண்டு மே மாதத்தில் இசுரேலிய உளவுத்துறையினர் அவரைப் புவெனஸ் ஐரிசில் பிடித்துச் சென்றனர். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் தக்குவாரா என்னும் தீவிர வலதுசாரிக் குழு யூதர்கள் மீது பல தாக்குதல்களை நடத்தியது.

1971 இல் பரவத் தொடங்கிய "அந்தினியா திட்டம்" என்னும் கட்டுக்கதையும் இங்குக் குறிப்பிடப்பட வேண்டும். அர்ஜென்டினாவின் தென்பகுதியான பத்தகோனியாவைப் பிரித்தெடுத்துத் தனி நாடு அமைக்க யூதர்கள் சதி செய்கின்றனர் என்பதே அக்கதை. இதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. ஆயினும் 1976 முதல் 1983 வரை நீடித்த படைத்துறை ஆட்சியின் சிறைகளில் இது உண்மையென்றே நம்பப்பட்டது. அக்காலத்தில் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளான இதழாசிரியர் ஹாகோபோ திமெர்மன், தம்மிடம் இத்திட்டத்தைப் பற்றியே மீண்டும் மீண்டும் கேட்டனர் என எழுதியுள்ளார். மக்களாட்சி திரும்பிய பின்னரும் இக்கதை மறையவில்லை. கூட்டரசுக் காவல்துறை தன் உளவாளி ஒருவரை 1980களில் யூத சமூகத்துக்குள் ஊடுருவச் செய்தது. "யோசி" என்ற பெயரில் எபிரேய மொழி கற்று, யூத அமைப்புகளில் பொறுப்புகளும் வகித்த அவர் தேடி அனுப்பப்பட்டது இந்தச் சதித்திட்டத்தைத்தான். இல்லாத ஒன்றை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தாம் காவல்துறைக்குத் திரட்டித் தந்த கட்டிட விவரங்கள் தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கக் கூடும் எனப் பிற்காலத்தில் அவரே தெரிவித்தார். பொய்யான கதை ஒன்று நம்பப்படுவதால் உண்மையான தீங்கு எவ்வாறு விளையும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

1992 தூதரகத் தாக்குதல்

அமியா தாக்குதலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1992 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள், புவெனஸ் ஐரிசில் இருந்த இசுரேலியத் தூதரகம் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. இதில் 29 பேர் இறந்ததாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தோருள் வழிப்போக்கர்களும் எதிரில் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தின் பாதிரியாரும் அடங்குவர். இஸ்லாமிய ஜிகாத் என்ற பெயரில் இயங்கிய குழு இதற்குப் பொறுப்பேற்றது. வெடிப்பு கட்டிடத்தின் உள்ளிருந்தே நிகழ்ந்தது, அதாவது யூதர்களே வெடிபொருள் சேர்த்து வைத்திருந்தனர், என்னும் கருத்தும் அப்போது சிலரால் பரப்பப்பட்டது. வெளியில் நிறுத்தப்பட்ட வாகனமே வெடித்தது என 1999 இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தூதரகம் இருந்த இடம் இன்று மரங்கள் நடப்பட்ட சிறு சதுக்கமாக உள்ளது. அண்டைக் கட்டிடத்தின் சுவரில் இடிந்த தூதரகத்தின் விளிம்புத் தடம் அப்படியே விடப்பட்டுள்ளது.

இத்தாக்குதலை நடத்தியவர்கள் பிடிபட்டிருப்பின் அமியா தாக்குதல் நிகழ்ந்திருக்குமா என்பது குடும்பத்தினர் இன்றளவும் எழுப்பும் வினா ஆகும்.

தாக்குதல்

1994 ஜூலை 18 திங்கட்கிழமை. தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலம். பள்ளிகளுக்கு விடுமுறைக் காலம். காலை 9 மணி 53 நிமிடத்துக்கு ரெனோ டிராஃபிக் வகைச் சிறு சரக்கு வாகனம் ஒன்று அமியா கட்டிடத்தின் முகப்பில் வெடித்தது. அம்மோனியம் நைட்ரேட்டையும் எரி எண்ணெயையும் அடிப்படையாகக் கொண்ட, பல நூறு கிலோ எடையுள்ள வெடிபொருள் அதில் இருந்தது. உரமாகவும் பயன்படுவதால் அம்மோனியம் நைட்ரேட் எளிதில் கிடைக்கக் கூடியது.

வெடிப்பின் விசை கட்டிடத்தின் முன்பகுதியைத் தாங்கிய சுவர்களையும் தூண்களையும் தகர்த்தது. அதனால் மேலிருந்த தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. உயிரிழந்தோருள் பெரும்பாலோர் இந்த இடிபாடுகளில் சிக்கியவர்களே. எதிர்ப்புறம் இருந்த வீடுகளும் கடைகளும் சேதமடைந்தன. சில தெருக்களுக்கு அப்பால் இருந்த பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் காயமடைந்தோர் கொண்டு செல்லப்பட்டனர். பலர் நடந்தே சென்றனர். 1992 தாக்குதலுக்குப் பின் யூத நிறுவனங்களுக்குக் காவல் வழங்கப்பட்டிருந்தது. ஆனால் அன்று அமியா வாயிலில் நின்ற காவல் ஊர்தி இயங்கும் நிலையில் இருக்கவில்லை.

இடிபாடுகளை அகற்றும் பணி ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்தது. இசுரேலிலிருந்தும் மீட்புக் குழு வந்தது. ஒரு நாளுக்கும் மேலாக இடிபாடுகளுக்கு அடியில் உயிருடன் இருந்து, மீட்போருடன் பேசிக்கொண்டிருந்து, வெளியே கொண்டுவரப்பட்ட ஒருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். இவோ நூலகத்தின் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் மீட்க இளைஞர்கள் திரண்டனர். நீரும் தூசியும் படிந்த தாள்களைப் பிரித்து உலர்த்திப் பல்லாயிரம் நூல்களை அவர்கள் காப்பாற்றினர். நாசிகளால் அழிக்கப்பட்ட ஐரோப்பிய யூத ஊர்களின் நினைவுகளைத் தாங்கிய தொகுப்பு அது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுநாள், ஜூலை 19 அன்று, பனாமா நாட்டில் பயணிகள் விமானம் ஒன்று வெடித்துச் சிதறி அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள். ஜூலை 26 இல் இலண்டனில் இசுரேலியத் தூதரகத்துக்கு வெளியே வாகன வெடிகுண்டு வெடித்தது.

கொல்லப்பட்டோர்

கொல்லப்பட்ட 85 பேரும் ஒரே வகையினர் அல்லர். அமியா, தாயியா ஊழியர்கள், வேலைவாய்ப்புப் பிரிவில் வேலை தேடி வந்து காத்திருந்தவர்கள், உறவினரின் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தவர்கள், கட்டிடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள், தெருவில் நடந்து சென்றவர்கள், எதிர் வீடுகளில் இருந்தவர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். யூதர் அல்லாதோரும் பலர். பொலிவியாவிலிருந்து பிழைக்க வந்த கட்டிடத் தொழிலாளர்களும் இறந்தனர். மிக இளையவர் தாயின் கையைப் பிடித்துத் தெருவில் நடந்து சென்ற ஐந்து வயதுச் சிறுவன் ஆவான். தாய் உயிர் பிழைத்தார்.

உயிரிழந்தோரின் எண்ணிக்கை 85 எனக் கூறப்பட்டு வந்தாலும், அவர்களுள் ஒருவர் யாரெனத் தெரியாமலே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. பாதுகாக்கப்பட்டிருந்த எச்சங்களை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியதில், 2016 ஆம் ஆண்டில் அவர் ஓர் இளைஞர் என அடையாளம் காணப்பட்டது. அவருடைய தாயும் அதே தாக்குதலில் இறந்தவர். ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியல் அதன் பின்னரே முழுமை பெற்றது.

இத்தாக்குதலைப் பற்றிய பேச்சில் ஒரு சொல்லாட்சி பெரும் விவாதத்துக்கு உள்ளானது. இறந்தோரை "யூதர்கள்" எனவும் "அப்பாவிகள்" எனவும் இரண்டாகப் பிரித்துச் சிலர் பேசினர். அப்பாவிகள் என்பது யூதர் அல்லாத வழிப்போக்கர்களைக் குறித்தது. யூதர்கள் அப்பாவிகள் அல்லர் என்னும் பொருள் அதில் தொக்கி நின்றது. இது அர்ஜென்டினாவுக்கு மட்டும் உரியதன்று. 1980 அக்டோபரில் பாரிசு நகரின் கோப்பர்னிக் தெரு யூதத் தொழுகைக் கூடம் தாக்கப்பட்டபோது பிரெஞ்சுப் பிரதமர் ரெமோன் பார், தொழுகைக்குச் செல்லும் யூதர்களைக் குறிவைத்த தாக்குதல் தெருவைக் கடந்த அப்பாவிப் பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கிவிட்டது எனும் பொருள்படப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். வெளிப்படையான வெறுப்புடன் சொல்லப்படாத இத்தகைய பேச்சே யூத எதிர்ப்பு எவ்வளவு இயல்பாக மொழிக்குள் படிந்துள்ளது என்பதைக் காட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். யூதப் பள்ளிகளும் தொழுகைக் கூடங்களும் தம் தெருவில் இருப்பது ஆபத்து, அவை வேறிடம் செல்ல வேண்டும் என்னும் குரல்களும் அந்நாட்களில் எழுந்தன. ஆயினும் ஜூலை 21 அன்று நாடாளுமன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கொட்டும் மழையில் குடை பிடித்துத் திரண்ட பெருங்கூட்டத்தில் யூதர் அல்லாதோரும் பலர் இருந்தனர்.

விசாரணையும் வழக்குகளும்

இவ்வழக்கின் வரலாறு மிகச் சிக்கலானது. சுருக்கமாகக் கூறின், தொடக்கம் முதலே விசாரணை பழுதுபட்டிருந்தது. வெடிப்பு நடந்த இடம் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை. இடிபாடுகள் லா பிளாட்டா ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டன. சந்தேகத்துக்கு உரியவரின் தொலைபேசி உரையாடல்கள் பதிவான 66 ஒலிநாடாக்கள் காணாமற் போயின.

கிடைத்த சான்றுகளுள் முதன்மையானது இடிபாடுகளில் எடுக்கப்பட்ட வாகன எந்திரத்தின் ஒரு துண்டு ஆகும். அதில் பொறிக்கப்பட்டிருந்த எண்ணைக் கொண்டு, அவ்வாகனம் கடைசியாகக் கார்லோஸ் தெல்யெல்தின் என்னும் பழைய வாகன வணிகரிடம் இருந்தது எனக் கண்டறியப்பட்டது. அவர் 1994 ஜூலையிலேயே கைது செய்யப்பட்டார். வாகனத்தைப் புவெனஸ் ஐரிஸ் மாநிலக் காவல்துறையினரிடம் கொடுத்ததாக 1996 இல் அவர் கூற, காவலர் சிலர் கைதாயினர். இந்த வாக்குமூலத்துக்காக அவருக்கு உளவுத்துறை நிதியிலிருந்து 4,00,000 அமெரிக்க டாலர் வழங்கப்பட்டது பின்னர் வெளிவந்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் வழக்கை விசாரித்த நீதிபதி ஹுவான் ஹொசே கலேயானோவே ஆவார்.

2001 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்த முதல் வழக்கில், 2004 செப்டம்பர் 2 ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். நீதிபதி கலேயானோ 2005 இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். விசாரணையை மூடிமறைத்தமை பற்றிய தனி வழக்கில் 2019 பிப்ரவரியில் அவருக்கு 6 ஆண்டுச் சிறையும், முன்னாள் உளவுத்துறைத் தலைவர் ஊகோ அன்சோர்ரெகிக்கு நான்கரை ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. முன்னாள் குடியரசுத் தலைவர் கார்லோஸ் மெனெம் அவ்வழக்கில் விடுவிக்கப்பட்டார். தெல்யெல்தின் தாக்குதலில் பங்கு கொண்டார் என்னும் குற்றச்சாட்டிலிருந்து 2020 டிசம்பரில் மீண்டும் விடுவிக்கப்பட்டார். ஆக, அமியா தொடர்பாகத் தண்டனை பெற்றோர் குண்டு வைத்தவர்கள் அல்லர். பெரும்பாலும் குண்டு வைத்தவர்களைத் தேட வேண்டியவர்களே.

வெளிநாட்டுத் தொடர்பை விசாரிக்க 2004 இல் தனி வழக்குரைஞர் பிரிவு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்ற அல்பேர்த்தோ நீஸ்மன், தாக்குதலை ஈரான் அரசின் உயர்மட்டத்தினர் முடிவு செய்து ஹிஸ்புல்லா நிறைவேற்றியது என 2006 அக்டோபரில் முறைப்படி குற்றம் சுமத்தினார். இக்குற்றச்சாட்டு உளவுத் தகவல்களைப் பெரிதும் சார்ந்துள்ளது என்னும் விமர்சனமும் உண்டு. 2007 நவம்பரில் பன்னாட்டுக் காவலகமான இன்டர்போல் ஐந்து ஈரானியர்களுக்கும் ஒரு லெபனானியருக்கும் எதிராகச் சிவப்பு அறிவிப்பு வெளியிட்டது. 2013 ஜனவரியில் அர்ஜென்டினாவும் ஈரானும் கூட்டாக "உண்மை ஆணையம்" அமைக்க ஒப்பந்தம் செய்தன. குற்றம் சாட்டப்பட்ட தரப்பே விசாரணையில் பங்கு பெறுவதை யூத அமைப்புகள் எதிர்த்தன. 2014 இல் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானது என அறிவித்தது. குடியரசுத் தலைவர் கிறிஸ்தினா ஃபெர்னாந்தெஸ் இவ்வொப்பந்தத்தின் மூலம் ஈரானியர்களைக் காப்பாற்ற முயன்றார் என 2015 ஜனவரி 14 இல் நீஸ்மன் புகார் அளித்தார். நாடாளுமன்றக் குழுவின் முன் விளக்கமளிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளான ஜனவரி 18 அன்று, அவர் தம் இல்லத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். இது தற்கொலையா கொலையா என நாடே இரண்டுபட்டது. கொலையே என 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது.

2024 ஏப்ரலில் அர்ஜென்டினாவின் கூட்டரசுக் குற்றவியல் மேல்முறையீட்டு உயர்மன்றம், தாக்குதலுக்கு ஈரானும் ஹிஸ்புல்லாவும் பொறுப்பு எனவும், இது மனித குலத்துக்கு எதிரான குற்றம் எனவும் தீர்ப்பளித்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்பதால் இவ்வகைப்பாடு முக்கியத்துவம் பெறுகிறது. அதே ஆண்டு ஜூனில் வெளியான அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு, முன்னறிந்த ஆபத்தைத் தடுக்கத் தவறியமைக்கும் முறையாக விசாரிக்கத் தவறியமைக்கும் அர்ஜென்டினா அரசே பொறுப்பு என்றது. குற்றம் சாட்டப்பட்டோர் நேரில் இல்லாமலே வழக்கு நடத்த வழிசெய்யும் சட்டம் 2025 இல் நிறைவேறியது. அதன்படி பத்துப் பேர் மீது வழக்கு நடத்த அவ்வாண்டு ஜூனில் நீதிபதி தனியேல் ரஃபேக்காஸ் ஆணையிட்டார். கொல்லப்பட்டோரின் குடும்பத்தினரிடையே இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. வெற்று இருக்கைகளுக்கு முன் நடக்கும் வழக்கு உண்மையை வெளிக்கொணராது என்போரும் அவர்களுள் உள்ளனர்.

நினைவுகூரல்

தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, கொல்லப்பட்டோரின் உறவினர்கள் உச்ச நீதிமன்றக் கட்டிடத்தின் எதிரில் உள்ள லவாயே சதுக்கத்தில் கூடத் தொடங்கினர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 9.53 க்கு அவர்கள் கூடினர். இக்கூட்டத்திலிருந்து "மெமோரியா ஆக்டிவா", அதாவது "செயல்படும் நினைவு" என்னும் அமைப்பு உருவாயிற்று. கூட்டம் தொடங்கும்போது ஆட்டுக்கடாவின் கொம்பால் ஆன ஷோபார் ஊதப்படும். யூதப் புத்தாண்டின்போது உள்ளத்தைத் தட்டியெழுப்ப ஊதப்படும் கருவி இது. இங்கு அது நீதிபதிகளை எழுப்ப ஊதப்பட்டது. பின்னர் ஒருவரோ இருவரோ உரையாற்றுவர். எழுத்தாளர்கள், மாணவர்கள், மதகுருமார், வேறு கொடுமைகளில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் எனப் பலரும் பேசியுள்ளனர். இறுதியில் நீதியை நாடிச் செல்லுமாறு கட்டளையிடும் தோரா வசனத்தை அனைவரும் கூறுவர். 1977 முதல் வியாழக்கிழமைதோறும் மே சதுக்கத்தைச் சுற்றி நடந்த, காணாமற் போனோரின் தாய்மார்களது வழக்கத்துடன் இதனை ஒப்பிடுவர். மழையாயினும் வெயிலாயினும் இத்திங்கட்கிழமைக் கூட்டங்கள் 2004 ஆம் ஆண்டின் இறுதி வரை நடைபெற்றன. ஏறத்தாழ ஐந்நூறு திங்கட்கிழமைகள் எனக் கணக்கிடலாம். அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை அமைப்பிடம் 1999 இல் முறையிட்டு, மேலே குறிப்பிட்ட 2024 தீர்ப்புக்கு வழிவகுத்ததும் மெமோரியா ஆக்டிவாவே. அம்முறையீட்டின் விளைவாக 2005 இல் அரசு தன் தவற்றை முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

குடும்பத்தினர் அனைவரும் ஒரே அமைப்பில் நீடிக்கவில்லை. அமியா, தாயியா தலைமைகள் அரசுடன் மென்மையாக நடந்துகொண்டன என்ற மனத்தாங்கலால் பிரிவுகள் தோன்றின. அரசின் ஆவணக் காப்பகங்களைத் திறக்க வேண்டும், சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்னும் கோரிக்கைகளுடன் அபேமியா என்னும் குழு தனியே இயங்கியது. ஆண்டு நினைவு நாளில் வெவ்வேறு இடங்களில் தனித்தனி நிகழ்வுகள் நடைபெறுவதற்கு இதுவே காரணம்.

முதன்மை நிகழ்வு பாஸ்தர் தெருவில் அமியா கட்டிடத்தின் முன் நடைபெறுகிறது. ஜூலை 18 காலை 9.53 க்கு அபாயச் சங்கு ஒலிக்கிறது. கூடியிருப்போர் இறந்தவர்களின் ஒளிப்படங்களை உயர்த்திப் பிடிக்கின்றனர். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும்போது கூட்டம் "பிரெசென்தே" என விடையளிக்கிறது. வகுப்பறையில் வருகைப் பதிவின்போது "உள்ளேன்" எனச் சொல்வதற்கு ஒப்பான சொல் இது. வர இயலாதவருக்காக மற்றவர்கள் குரல் கொடுக்கின்றனர். இலத்தீன் அமெரிக்க அரசியல் மரபில் கொல்லப்பட்டோரை நினைவுகூர இவ்வாறு விடையளிப்பது நெடுங்கால வழக்கம் ஆகும். 2020 இல் கொரோனா பெருந்தொற்றின் காரணமாக நிகழ்வு இணையவழியில் நடைபெற்றது.

புதிய கட்டிடம் அதே இடத்தில் 1999 இல் திறக்கப்பட்டது. தெருவிலிருந்து உள்தள்ளிக் கட்டப்பட்ட இதன் முன்னே தடித்த தடுப்புச் சுவர் உள்ளது. இடையிலுள்ள முற்றத்தில் இசுரேலியச் சிற்பி யாக்கோவ் அகாம் வடித்த நினைவுச் சிற்பம் நிற்கிறது. பாஸ்தர் தெருவின் நடைபாதையில் கொல்லப்பட்டோரின் பெயர் தாங்கிய மரங்கள் உள்ளன. அருகிலுள்ள சுரங்க இரயில் நிலையம் 2015 ஆம் ஆண்டில் "பாஸ்தர்–அமியா" எனப் பெயர் மாற்றப்பட்டு, அதன் சுவர்களில் ஓவியங்கள் அமைக்கப்பட்டன. லா தப்லாதா யூத இடுகாட்டிலும் நினைவுச் சின்னம் ஒன்று உள்ளது.

திட்டமிட்டு எழுப்பப்படாத நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு. 1994 க்குப் பின் நகரில் உள்ள யூதப் பள்ளிகள், தொழுகைக் கூடங்கள், மன்றங்கள் ஆகியவற்றின் முன்னே வாகனங்கள் நெருங்காதவாறு குட்டையான கற்காரைத் தூண்கள் வரிசையாக நடப்பட்டன. பெயர்ப் பலகை இல்லாவிடினும் அத்தூண்களைக் கண்டே அது யூத நிறுவனம் என அறியலாம். அவற்றினிடையே நடந்துதான் யூதக் குழந்தைகள் நாள்தோறும் பள்ளிக்குள் நுழைகின்றனர்.

யூத எதிர்ப்புக்கு எதிரான நடவடிக்கைகள்

இனம், சமயம் முதலியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தண்டிக்கும் 23,592 ஆம் இலக்கச் சட்டம் அர்ஜென்டினாவில் 1988 முதலே உள்ளது. தாக்குதலுக்கு மறு ஆண்டில் பாகுபாட்டுக்கு எதிரான தேசிய நிறுவனம் இனாதி தோற்றுவிக்கப்பட்டது. இந்நிறுவனம் 2024 இல் அரசால் கலைக்கப்பட்டது. தாயியா அமைப்பு யூத எதிர்ப்பு நிகழ்வுகளைத் தொகுத்து ஆண்டறிக்கை வெளியிடுகிறது. பன்னாட்டு யூத இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு வகுத்த யூத எதிர்ப்பின் வரைவிலக்கணத்தை அர்ஜென்டினா 2020 ஜூனில் ஏற்றுக்கொண்டது. இவ்வரைவிலக்கணம் இசுரேல் அரசின் மீதான விமர்சனத்தையும் யூத எதிர்ப்பாகக் கொள்ள இடமளிக்கலாம் என்னும் மாற்றுக் கருத்து பல நாடுகளிலும் உண்டு. ஓர் அரசின் செயலுக்காக உலகெங்கும் உள்ள யூதர்களைப் பொறுப்பாக்குவது யூத எதிர்ப்பே என்பதில் இரு தரப்பினரிடையேயும் பெரிய வேறுபாடு இல்லை. வேலை தேடி வந்தவர்களும் வழிப்போக்கரும் கொல்லப்பட்ட அமியா தாக்குதல் இத்தகைய எண்ணத்தின் செயல் வடிவமாகவே பார்க்கப்படுகிறது.

பிற சமயத்தவரின் ஆதரவும் குறிப்பிடத்தக்கது. அமியா வழக்கில் நீதி கோரும் விண்ணப்பத்தில் 2005 இல் முதலாவதாகக் கையொப்பமிட்டவர்களுள் அப்போதைய புவெனஸ் ஐரிஸ் பேராயர் ஹோர்கே பெர்கோலியோவும் ஒருவர். இவரே 2013 இல் திருத்தந்தை பிரான்சிசு ஆனார்.

கலைகளில்

அர்ஜென்டினாவின் பத்து இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படமாக எடுத்த "18-ஹோத்தா" என்னும் திரைப்படம் தாக்குதலின் பத்தாம் ஆண்டான 2004 இல் வெளியானது. படத்தின் பெயர் ஜூலை 18 ஐக் குறிக்கும். காவல்துறை உளவாளி யோசியைப் பற்றி மிரியம் லெவின், ஒராசியோ லுத்ஸ்கி ஆகியோர் எழுதிய நூல் 2015 இல் வெளிவந்தது. அதனைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2022 இல் ஒளிபரப்பானது. வழக்குரைஞர் நீஸ்மனின் இறப்பைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றும் 2020 இல் நெட்ஃபிளிக்சு தளத்தில் வெளியாகியுள்ளது.